பெரம்பூர்: 4 குட்டிகளுக்கு வீடும், தாய்க்கு 10 நாள் இடமும் தேவை

வணக்கம். தெருநாய்க் குட்டிகள் 4 (3 பெண், 1 ஆண்), வயது 6 வாரம். குடற்புழு மருந்து கொடுத்தாச்சு. 8 வாரம் முடியாமல் தாயைவிட்டுப் பிரிக்க மாட்டோம். வளர்த்துக் குட்டி விற்க நினைப்பவர்களுக்குக் கிடையாது. 6 மாதத்தில் கருத்தடை செய்யச் சம்மதிப்பவர்கள் மட்டும் கேளுங்கள். பெண் குட்டி என்றாலே பலர் நழுவுகிறார்கள். கருத்தடை செய்தபின் ஆணென்ன, பெண்ணென்ன?

தாய்க்குப் பால் வற்றி 2 வாரம் கழித்தே கருத்தடை அறுவை. மடி வீங்கியிருக்கும்போது கீறினால் ரத்தக்கசிவு அதிகம், தையலும் சரியாகச் சேராது. ரொம்பத் தள்ளிப்போட்டால் அடுத்த இனச்சேர்க்கைப் பருவம் வந்துவிடும், சினையானால் சுமார் 63 நாளில் இன்னொரு ஈற்று.

யாரிடமாவது பிடிகூண்டு, வண்டி இருக்கிறதா? அறுவைக்குப் பின் 10 நாள் வைக்க ஈரமில்லாத இடமும் வேண்டும், மொட்டைமாடி வேண்டாம். தையல் நனைந்தால் சீழ் பிடிக்கும். தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு எங்களிடம் இருக்கு.