சப்வூஃபர் பெட்டி: கனஅளவில் ஒரு குழப்பம்

வணக்கம். என் பழைய காரின் டிக்கியில் வைக்க, 10 அங்குல சப்வூஃபருக்கு (தாழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) நானே பெட்டி செய்கிறேன். கையேட்டில் மூடிய பெட்டிக்கு 1 கன அடி, அதாவது 28.3 லிட்டர் என்று இருக்கிறது. பலகைக் கடையிலோ நீள அகலம் அங்குலத்தில், தடிமன் மட்டும் மில்லிமீட்டரில். அங்கேதான் சறுக்கினேன்.

வெளி அளவு 18 × 12 × 12 அங்குலம். பெருக்கி 1728-ஆல் (ஒரு கன அடியில் உள்ள கன அங்குலம்) வகுத்தால் 1.5 கன அடி, 42 லிட்டருக்கு மேல். 18 மி.மீ. பலகையை இருபுறமும் கழிக்க மறந்தது அப்புறம்தான் உறைத்தது! கழித்தால் 42.1 × 26.9 × 26.9 செ.மீ., சுமார் 30.5 லிட்டர்.

சரி, இப்போது சிக்கல் பின்பலகை. சீட்டோடு சாய வேண்டும். ஆழம் கீழே 14, மேலே 10 அங்குலம். சராசரி 12 என்று எடுத்தால் போதுமா? சாய்ந்த பலகையின் தடிமனை எப்படிக் கழிப்பது? ஸ்பீக்கர் காந்தம் அடைக்கும் இடத்தையும் குறைக்க வேண்டுமா? ஞாயிறன்று பலகை அறுக்கப் போகிறேன், அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.