பெறாமகன் பிரிட்டிஷ் இராணுவத்தில் ரெக்கி பிரிவுக்குப் போகிறான். இது உளவாளி வேலையா?

உவர்மலை அக்கா:
வணக்கம். என் தங்கை லண்டனில் இருக்கிறாள். அவளுடைய மகன் அங்கேயே பிறந்தவன், 20 வயது. அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு இப்போது டோர்செட்டில் போவிங்டன் என்ற இடத்தில் இருக்கிறான். ரெக்கி என்கிறான். எல்லோருக்கும் முன்னால் போய் எதிரியைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தங்கைக்கு நித்திரை இல்லை, நடுச்சாமத்தில் எனக்குப் போன் எடுக்கிறாள். திருகோணமலையில் வளர்ந்த எனக்கு இராணுவம் என்றால் சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும்தான் ஞாபகம் வரும். உளவு பார்க்கப் போகிறவன் பிடிபட்டால் என்ன ஆகும்? உண்மையில் இவர்கள் என்ன செய்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தம்பலகாமத்தான்:
அக்கா, நான் அந்த வேலையை 9 வருடம் செய்தவன். 1990இல் 8 வயதில் ஊரை விட்டு வந்தேன். போவிங்டனில்தான் எனக்கும் ஓட்டுநர் பயிற்சி.

முதலில் பயத்துக்குப் பதில். இது உளவாளி வேலை இல்லை. உளவாளி வேடம் போட்டுப் போகிறவன். ரெக்கி சிப்பாய் சீருடையோடு போகிறான். சீருடையோடு தகவல் தேடுகிறவனை உளவாளியாக நடத்தக்கூடாது என்று 1907 ஹேக் விதிகளிலேயே இருக்கிறது. பிடிபட்டால் அவன் போர்க்கைதி. பெயர், பதவி, படை இலக்கம், பிறந்த திகதி, இவ்வளவும் சொன்னால் போதும். எல்லாரும் எப்போதும் இந்த விதியை மதிப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விதி அவன் பக்கம்தான்.

வேலை என்னவென்றால், பார்ப்பது. நாள்கணக்காகப் பார்ப்பது. ஒரு பற்றைக்குள் நாலு பேர். ஒருவர் தொலைநோக்கியில், ஒருவர் குறிப்பெழுத, இருவர் ஓய்வு. அரை மணிக்கு மேல் ஒரே கண் பார்த்தால் எதிரே இருப்பது மனதில் ஏறாது, அதனால் மாறிக்கொள்வோம். அடுப்பு மூட்ட முடியாது, சாப்பாடு குளிராகத்தான். வாசனைச் சோப்பு போடமாட்டோம். மலசலம் உட்பட எல்லாவற்றையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவில் ஒருவன் வெள்ளை டோர்ச் அடித்தால், கண் இருட்டுக்குத் திரும்பப் பழக அரை மணி நேரம் போய்விடும்.

எனக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கியது ஒன்று: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. ‘துப்பாக்கியோடு ஒருவன்’ என்று எழுதக்கூடாது, துப்பாக்கியைக் கண்டாலொழிய. ‘ஒருவன், கையில் நீளமான பொருள், நேரம், இடம்’. இடத்தை வரைபடக் கட்ட இலக்கங்களில் சொல்வோம்: ஆறு இலக்கம் கொடுத்தால் 100 மீட்டர் சதுரம், எட்டு இலக்கம் கொடுத்தால் 10 மீட்டர். அந்த வித்தியாசத்துக்குள் ஒரு வீடு இருக்கும்.

ஆப்கானிஸ்தானில், ஹெல்மண்டில் ஒரு இரவு. வெப்பக் கமெராவில் ஒருவர் பாதையோரம் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இரவில் பாதையோரம் கொத்தினால் கண்ணிவெடி என்றுதான் முதலில் நினைப்பு ஓடும். பக்கத்தில் இருந்தவன் அப்படியே சொல்லவும் தொடங்கினான். நான் பொறு என்றேன். அவர் கொத்திய மண்ணை ஒரு பக்கமாக அணைத்துவிட்டு, நிமிர்ந்து, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். தம்பலகாமத்தில் என் அப்பப்பா கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் முறை வரும் இரவுகளில் வயலுக்குப் போவார். வரம்பை வெட்டி, அடுத்த பாத்திக்குத் திருப்பி, இதே மாதிரிச் சாய்ந்து நிற்பார். ‘ஒருவர், மண்வெட்டி, வாய்க்கால் ஓரம், தண்ணீர் திருப்புகிறார்’ என்று அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பாத்தி கமெராவில் நிறம் மாறியது. தண்ணீர்தான். அவர் விடியுமுன் வீட்டுக்குப் போனார்.

அந்த மனிதரை நான் இன்னும் நினைப்பதுண்டு. உங்கள் பெறாமகன் இதை நன்றாகக் கற்றுக்கொண்டால் அவனுக்கு மட்டுமல்ல, அவன் பார்க்கிற ஆட்களுக்கும் பாதுகாப்பு.

துறைமுக வீதி:
தம்பி சொல்வது சரி. ஒரே ஒரு விசயம் சேர்க்கிறேன், இது நம் ஊர்க் கதை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பேர்ச்சல், கனடாக்காரர். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள், அவர் போர்க்கைதியாகப் போய் உயிரோடு திரும்பினார். 8ஆம் திகதி இன்னொரு கட்டலினா மறுபடி கண்டு சொன்னதால்தான் அன்றிரவே நம் திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். 9ஆம் திகதி காலை குண்டு விழுந்தது. வெளியே போன பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, அது வேறு துக்கம். ஆனால் துறைமுகத்தில் நின்றிருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

உவர்மலை அக்கா:
தம்பி, தண்ணீர் கட்டிய கதையைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள், பிறகு கொஞ்சம் நித்திரை கொண்டாள். இன்னொரு கேள்வி. போன கிழமை ஆறு நாள் அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஏதாவது நடந்துவிட்டதோ என்று துடித்துப்போனோம்.

தம்பலகாமத்தான்:
களப்பயிற்சியாக இருக்கும் அக்கா. போகுமுன் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அடுத்த முறை போகுமுன், போகும் நாளையும் திரும்பும் நாளையும் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள், அந்த அளவு சொல்லலாம். திரும்பும் நாளுக்கு மேல் ஒரு நாளும் சேர்த்து எண்ணுங்கள். துப்பாக்கி துடைத்து, வாகனம் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போன் கைக்கு வரும். பார்சல் அனுப்புவதென்றால் தடித்த கம்பளிக் காலுறை அனுப்புங்கள், ஆறு சோடியாவது.