இலங்கை, கொட்டகலை மேட்டு ரோடு வாட்ஸ்அப் குழு: காருக்கு ஒரு ஆள்

அட்மின் மாமா, காலை 8.02
எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் கேற்றடியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம மேட்டிலிருந்து இறங்கிய கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஓட்டுகிறவர் மட்டும்தான். கொட்டகலையிலிருந்து எல்லாரும் போவது ஹட்டனுக்கு. சேர்ந்து போனால் என்ன?

பேங்க் தம்பி, 8.05
மாமா பென்ஷன் எடுத்த பிறகு நம்ம ரோட்டுக்கு சிசிடிவி தேவையில்லை.

டீச்சர் அக்கா, 8.09
சிரிக்காதீங்க தம்பி. பள்ளிக்கூடம் ஏழரைக்கு. ஏழு மணிக்கு ஹட்டன் டவுனுக்குள் போய்ப் பாருங்கள், ஸ்கூல் வேன், பஸ், ஆட்டோ, நடுவில் நம்ம கார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். மேட்டிலும் புதுக் கார், புது வீடு. ரோட்டை எங்கே அகலமாக்குவது? ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

டொரொண்டோ சித்தப்பா, 8.20
இங்கே 404 ஹைவேயில் இரண்டு பேராவது இருக்கிற காருக்கென்று தனி லேன் உண்டு, 2005இலிருந்து. தனி ஆளாக அதில் போனால் தண்டம்.

பேங்க் தம்பி, 8.21
சித்தப்பா, இங்கே போக ஒரு லேன், வர ஒரு லேன். அதிலும் முன்னால் கொழுந்து லொறி.

ஏ.எல். தங்கச்சி, 8.26
ஹட்டன் போய் வரப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மேடு ஏறினால் சின்னக் காருக்கும் ஒரு லீற்றர் கிட்டப் போய்விடும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு.

டீச்சர் அக்கா, 8.30
அப்போ மாதத்துக்கு இருபது லீற்றர். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்த புதிதில் ஒரு காருக்கு ஒரு கிழமைக்குக் கிடைத்ததே அவ்வளவுதான். அந்த நேரம் ஒரே காரில் ஐந்து பேர், மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு போனோமே.

நர்ஸ் அக்கா, பகல் 1.34
இப்போதுதான் டியூட்டி முடிந்தது. அக்கா, அப்போது வேறு வழியில்லை, அதனால் போனோம். காலையில் சேர்ந்து போவது ஒரு பிரச்சினையே இல்லை. திரும்பி வருவதுதான். எனக்குக் கிளங்கன் ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கு முடியும், உங்களுக்கு ஒன்றரைக்கு, பேங்க் தம்பிக்கு ஐந்து மணிக்கும் நிச்சயமில்லை. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தால் யாருடைய காருக்குக் காத்திருப்பேன்? அந்த ஒரு ஃபோனை நினைத்துத்தான் தினமும் கார் எடுக்கிறேன்.

அட்மின் மாமா, 1.40
இதை நான் யோசிக்கவில்லையே. ரயிலில் வரலாமே என்று எழுத நினைத்தேன். அதன் நேரமும் உங்கள் நேரமும் ஒத்துவராது.

டொரொண்டோ சித்தப்பா, 1.52
தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தப் பக்கம் சில இடங்களில் அதற்கே ஒரு திட்டம் இருக்கிறது. சேர்ந்து வேலைக்கு வருகிறவருக்கு இடையில் அவசரம் வந்தால் வீட்டுக்குப் போக டாக்சிக் கூலி கொடுத்துவிடுவார்கள். எப்போதாவதுதான் தேவைப்படும். ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஆட்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஆட்டோ அண்ணன், 1.58
எல்லாரும் பேசி முடித்தீர்களா? நீங்கள் சேர்ந்து போனால் என் ஹயர் என்னாகும்?

பேங்க் தம்பி, 1.59
அண்ணே, கார் வைத்திருக்கிறவர்கள் எப்போது உங்கள் ஆட்டோவில் ஏறினோம்?

ஆட்டோ அண்ணன், 2.01
நீங்கள் ஏறவில்லை. பஸ் கிடைக்காமல் மழையில் நிற்கிறவர்கள் ஏறுவார்கள். காலி சீட்டு இருக்கிறதே என்று அவர்களை நீங்கள் ஏற்றிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

நர்ஸ் அக்கா, 2.06
அண்ணன் கேட்பது நியாயம். சித்தப்பா சொன்ன டாக்சி நம்ம அண்ணனாக இருந்தால்? சேர்கிற வீடுகள் மாதம் ஒரு தொகை கொடுப்போம். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை எங்களில் யார் அவசரம் என்று அழைத்தாலும் வர வேண்டும்.

ஆட்டோ அண்ணன், 2.08
யாரும் அழைக்காத மாதமும் காசு உண்டா?

நர்ஸ் அக்கா, 2.08
உண்டு.

ஆட்டோ அண்ணன், 2.09
அப்போ பேசலாம். கிளங்கன் வரை வருவதென்றால் தொகையைப் பார்த்துப் போடுங்கள்.

இன்சூரன்ஸ் அண்ணன், 2.31
ஒன்று சொல்லிவிடுகிறேன். காரில் ஏறுகிறவர்களிடம் கூலி வாங்காதீர்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த பொலிசியில் ஹயர் ஓடியதாகத் தெரிந்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல். கிழமைக்கு ஒருவர் காரை எடுங்கள், காசுப் பேச்சே வராது.

மேல்வீட்டு அத்தை, 3.15
எல்லாம் சரி. பொம்பளைப் பிள்ளை தினமும் இன்னொருத்தர் காரில் இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

டீச்சர் அக்கா, 3.22
பேசட்டும் என்று சொல்ல எனக்கு லேசு, புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைக்கு லேசில்லை அத்தை. என் காரில் பெண்கள் மட்டும். யார் எந்தக் காரில், எத்தனை மணிக்கு என்று முதல் நாள் இரவே குழுவில் போடுவோம். எல்லாருக்கும் தெரிந்து நடக்கிற விஷயத்தில் பேச என்ன இருக்கிறது?

பேங்க் தம்பி, 3.30
ஆண்கள் கார் என்னுடையது, அடுத்த கிழமை. மாதக் கடைசியில் என்னை எண்ணாதீர்கள், இரவாகிவிடும்.

டீச்சர் அக்கா, இரவு 8.10
திங்கள் காலை 6.15, கோயில் வளைவில். மூன்று சீட். நர்ஸ் ஏழு மணிக்கு டியூட்டியில் நிற்க வேண்டும், அதனால் 6.20க்கு எடுத்துவிடுவேன். வாசலில் வந்து ஹோர்ன் அடிக்க மாட்டேன்.

நர்ஸ் அக்கா, 8.11
ஒன்று எனக்கு.

ஏ.எல். தங்கச்சி, 8.11
எனக்கும் ஒன்று. பள்ளிக்கூடம் திறக்குமுன் போய் என்ன செய்வது? சரி, படிக்கிறேன்.

மேல்வீட்டு அத்தை, 8.14
மூன்றாவது எனக்கு. மார்க்கட்டுக்குப் போக வேண்டும். வரும்போது கருவாடு இருக்கும்.

டீச்சர் அக்கா, 8.15
கருவாடு ஆட்டோவில்.

ஆட்டோ அண்ணன், 8.15
அது அவசரக் கணக்கில் வராது.