காருக்கும் விமானத்துக்கும் ஒரே சார்ஜர்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு மாதம் இருமுறை காரில் போகிறேன். வழியெல்லாம் மடிக்கணினியில்தான் வேலை. திங்க்பேட் இ14, டைப்-சி துளை, தேவை 65 வாட் (20 வோல்ட், 3.25 ஆம்பியர்).

மூன்று வாரங்களுக்கு முன் காட்பாடியில் வாங்கிய கார் சார்ஜரில் '65 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு துளைகளின் 45-ஐயும் 20-ஐயும் கூட்டிய கணக்காம் அது! வாலாஜா தாண்டுவதற்குள் 'மெதுவான சார்ஜர்' எச்சரிக்கை. ஸ்ரீபெரும்புதூரில் பாட்டரி 20 சதவீதம். கேபிளை மாற்றினேன், போனைக் கழற்றினேன், பயனில்லை. காரின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரோ செங்கல் கனம். அதன் விசிறி இரைச்சலுக்கு ஓட்டுநரே திரும்பிப் பார்க்கிறார். விமான இருக்கையின் பிளக்கில் பழைய சார்ஜர் கனம் தாங்காமல் நழுவி விழுகிறது.

காரின் 12 வோல்ட் சாக்கெட், விமான இருக்கையின் ஏசி மின் பிளக் இரண்டிலும் ஒரே துளையில் முழு 65 வாட் தரும், சட்டைப்பையில் அடங்கும் சார்ஜர் எது?