சிவராத்திரிக்கு ஊருக்குப் போறவங்க கவனத்துக்கு: மூணாவது குறுக்குத் தெரு குரூப், மதுரை

வியாழக்கிழமை

கண்ணன் செகரெட்டரி, காலை 6:52
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாவது தெருவுல நேத்து ராத்திரி ஒரு வீட்டுப் பின்கதவை நெம்பி உள்ள போயிருக்காய்ங்க. மகளுக்கு வளைகாப்புன்னு அவங்க செவ்வாய்க்கிழமையே தேனிக்குக் கெளம்பிட்டாங்க. பீரோ ஒடஞ்சு கெடக்கு. இன்னும் மூணு நாள்ல சிவராத்திரி. நம்ம தெருவுல பாதி வீடு குலசாமி கும்பிடப் பூட்டிட்டுப் போயிரும். இன்னைக்கே பேசி ஒரு முடிவு எடுக்கணும்.

செல்வி, காலை 6:58
ஐயோ, எங்க வீட்டுக்கு நேர் பின்வீடு அது. ராத்திரி ஒன்றரை இருக்கும், நாய் விடாம குரைச்சுச்சு. எந்திரிச்சு லைட்டைப் போட்டிருக்கலாம். மனசு கெடந்து அடிச்சுக்குது.

பாண்டி, காலை 7:03
மதினி, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். அங்க கேமரா இருந்துச்சேண்ணே?

கண்ணன் செகரெட்டரி, காலை 7:06
இருந்துச்சு பாண்டி. பதிவாகுற பெட்டியை டிவிக்குக் கீழயே வச்சிருந்தாங்களாம். அதையும் சேத்துக் கழட்டிட்டுப் போயிட்டாய்ங்க.

ரஹீம் பாய், காலை 7:15
பெட்டியைக் கண்ணுல படாத எடத்துல வைக்கணும்னு கேமரா போட வர்ற பையன்கிட்ட நாமதான் சொல்லணும். அவன் கேபிள் மிச்சம்னு டிவி ஸ்டாண்டுலயே வச்சுட்டுப் போயிருவான்.

சரவணன் 11-ஆம் நம்பர், காலை 7:40
இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், காலை 7:44
சரவணா, அழிச்சதுக்கு நன்றிப்பா. எல்லாருக்கும் சொல்றேன். எந்தத் தேதி போறோம், எப்ப வருவோம்னு இங்க எழுதாதீங்க. இந்தக் குரூப்புல 94 பேர் இருக்கோம். வீடு மாறிப் போனவங்க, தண்ணி கேன் போடுறவரு, கேபிள்காரரு எல்லாரும் இருக்காங்க. அவங்க யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லல. யாரோ ஒருத்தர் போன் தொலைஞ்சாலே நம்ம வீட்டுத் தேதி அடுத்தவன் கைக்குப் போயிரும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. அது போதும்.

பிரபு மாடி வீடு, மதியம் 2:14
[படம்]
இந்தாளு ஒரு மணி நேரமா வீடு வீடா அண்ணாந்து பாத்துக்கிட்டே போறான். தோள்ல பெரிய பை. கேட்டா தமிழ் தெரியல. எல்லாரும் உஷார். பக்கத்துத் தெரு குரூப்புக்கும் அனுப்பிட்டேன்.

சரவணன் 11-ஆம் நம்பர், மதியம் 2:16
நேத்து வந்தவய்ங்கள்ல ஒருத்தனா இருக்குமோ

செல்வி, மதியம் 2:17
எங்க வாசல்லயும் நின்னான். நான் கதவைச் சாத்திட்டேன்.

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், மதியம் 2:29
பிரபு, எங்கெல்லாம் போட்டியோ அங்கெல்லாம் அந்தப் படத்தை உடனே அழி. இப்ப ஆள் எங்க?

பிரபு மாடி வீடு, மதியம் 2:31
நாலாவது தெருவுல பிடிச்சுட்டதா போடுறாங்க அக்கா. தண்ணி டேங்குகிட்ட.

பாண்டி, மதியம் 2:31
பக்கத்துலதான் இருக்கேன். போறேன்.

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், மதியம் 2:32
112-க்கு அடிச்சுட்டேன், நானும் வாறேன். பாண்டி, யார்கிட்டயும் வாக்குவாதம் வேணாம். அவருக்கு முன்னால போய் நின்னுக்க. ஒருத்தரையும் கை வைக்க விடாத.

பாண்டி, மதியம் 3:20
ரோந்து வண்டி வந்து விசாரிச்சு விட்டுட்டாங்க. ஸ்கூலுக்குப் பின்னால கட்டுற பில்டிங்ல சென்ட்ரிங் வேலை பாக்குறவரு. அடுத்த வாரம் சம்சாரமும் பிள்ளையும் ஊர்லருந்து வராங்களாம், அதான் வாடகைக்கு ரூம் தேடியிருக்காரு. தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாததால எந்த வீட்டுல போர்டு தொங்குதுன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்திருக்காரு. பைக்குள்ள சோத்து வாளியும் ஒரு சட்டையும்தான். நான் போறதுக்குள்ள ரெண்டு அடி விழுந்துருச்சு. போனைப் பிடுங்குனதுல கண்ணாடி நொறுங்கிப் போச்சு.

பிரபு மாடி வீடு, மதியம் 3:26
தப்புப் பண்ணிட்டேன். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். சாயங்காலம் நேர்ல போயி அவரைப் பாக்குறேன். பாண்டி, நீயும் வாடா.

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், இரவு 9:10
கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

2018 மே 9. சென்னைலருந்து ஒரு குடும்பம் கார்ல கெளம்பி திருவண்ணாமலை மாவட்டத்துல போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போறாங்க. அத்திமூர் கிராமத்துல நிறுத்தி வழி கேக்குறாங்க. அங்க இருந்த பிள்ளைகளுக்கு 65 வயசு அம்மா ஒருத்தங்க சாக்லேட் குடுக்குறாங்க. அந்த நேரம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல படமும் வீடியோவுமாச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. கூட்டம் கூடி அடிச்சதுல அந்த அம்மா செத்தே போயிட்டாங்க. கூட வந்தவங்களுக்கும் பலத்த அடி. குலசாமி கும்பிடப் போன குடும்பம். ஞாயித்துக்கிழமை நாம எங்க போறோம்? நம்ம காரும் தெரியாத ஊர்ல நின்னு வழி கேக்கும்ல?

அந்த வருஷம் வேற மாநிலங்கள்லயும் இதே மாதிரி பல சாவு. அதுக்கப்புறம்தான் ஜூலை மாசம், இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே தடவைல 5 சாட்டுக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி மாத்துனாங்க. இன்னைக்கு பிரபு படம் போட்டதுலருந்து அவர் மேல அடி விழுறதுக்கு 20 நிமிஷம்கூட ஆகல.

ஜெசி டீச்சர், இரவு 9:24
2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி நேரம் வேறு. பயந்துபோய் ரயில் ஏறினவர்கள் எத்தனை பேர். இன்று நாம் அந்தப் பொய்யை நிஜமாக்கப் பார்த்தோம். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

வெள்ளிக்கிழமை

சரவணன் 11-ஆம் நம்பர், காலை 8:05
அக்கா சொன்னது சரிதான், ஒத்துக்கறேன். ஆனா திருட்டு நடந்ததும் உண்மைதானே. பசங்க பத்துப் பேர் கம்போட ராத்திரி சுத்துனா என்ன? முன்ன போலீஸ் நண்பர்கள் குழுன்னு சட்டை எல்லாம் போட்டு வருவாங்களே, அந்த மாதிரி.

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், காலை 8:30
அந்தக் கதையையும் சொல்றேன் சரவணா. 1993-ல ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யா இருந்த பிரதீப் பிலிப் சார் ஆரம்பிச்சது அது. ஜனங்க ஸ்டேஷனுக்குள்ள வரவே பயந்த காலம். ஊர்க்காரங்களையே பக்கத்துல வச்சுக்கிட்டா தகவல் வரும், பயம் போகும்னு ஆரம்பிச்சாங்க. நல்ல யோசனை, பின்னால தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல அடிபட்டுச் செத்தாங்க பாருங்க, அப்ப இந்தக் குழுவுல இருந்தவங்க மேலயும் புகார் வந்துச்சு. அவங்க மறுத்தாங்க. ஆனாலும் ஜூலைல அரசாங்கம் தடை போட்டுருச்சு. சாத்தான்குளத்துல நடந்ததை நெனைச்சா, காக்கி போட்ட எனக்கு இன்னும் வெக்கமாத்தான் இருக்கு. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இல்லாத கையில கம்பைக் குடுக்கக் கூடாது. என் வரைக்கும் அதுதான் முடிவு.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கங்க. 2024 ஜூலை 1-லருந்து நடப்புல இருக்குற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்.) 40-வது பிரிவு. ஜாமீன்ல விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமப் பிடிக்கக்கூடிய குற்றத்தை ஒருத்தன் நம்ம கண்ணு முன்னால பண்ணுனா நாமளே பிடிக்கலாம். பிடிச்சா தாமதிக்காம, எப்படிப் போனாலும் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைச்சிரணும். அடிக்கச் சட்டத்துல எடமே இல்ல. சந்தேகத்துக்குப் பிடிக்கவும் எடமில்ல.

ரஹீம் பாய், காலை 8:41
அப்ப நாங்க சுத்துறோம். எனக்கும் டீச்சரம்மா வீட்டுக்கும் ஞாயித்துக்கிழமை எங்கயும் போற வேலை இல்ல. கம்பு வேணாம். விசிலும் டார்ச்சும் போதும். ரெண்டு ரெண்டு பேரா நடப்போம்.

ஜெசி டீச்சர், காலை 8:44
நானும் என் வீட்டுக்காரரும் 12 முதல் 2 வரை நடக்கிறோம்.

செல்வி, காலை 8:50
நம்ம கூர்க்கா அண்ணனை மறந்துட்டோம். கேமரா வந்துருச்சுன்னு ரெண்டு வருஷமா மாசக் காசைப் பாதிப் பேர் நிறுத்திட்டோம். அவரும் பெரிய ரோட்டோட திரும்பிடறாரு. ராத்திரி அவர் விசில் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

கண்ணன் செகரெட்டரி, காலை 8:58
பேசிட்டேன் மதினி. இன்னைலருந்து வராரு. வீட்டுக்கு 100 ரூவா, விடாமக் குடுக்கணும்.

ரெண்டாவது தெரு அம்மாவைப் பாத்துட்டு வந்தேன். ஸ்டேஷன்ல நகை பில்லைக் கொண்டாங்க, நாளைக்கு வாங்கன்னு சொல்லியே அனுப்புறாங்களாம். புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கையில இருக்கு. எங்கம்மா காலத்து நகை, பில்லுக்கு எங்க போறதுன்னு அழுகுறாங்க.

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், காலை 9:20
ரசீது போதாது. வீடு புகுந்து திருடியிருந்தா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். பில் இல்லைங்கறது அதுக்குத் தடையே இல்ல. அதே புதுச் சட்டத்துல 173-வது பிரிவு. எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கணும். மின்னஞ்சல்ல அனுப்பியிருந்தா 3 நாளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். நகல் இலவசம். வாங்க மாட்டேன்னா விவரத்தை எழுதி மேலதிகாரிக்குத் தபால்ல அனுப்பலாம். பத்து மணிக்கு நானே அவங்களைக் கூட்டிட்டுப் போறேன். கல்யாண ஆல்பத்துல அந்த நகை போட்ட படம் இருக்கும், அதை எடுத்து வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு நகை கெடைச்சா, கோர்ட்டுல இது என்னுதுன்னு காட்ட அதுதான் சாட்சி.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி உக்காந்து ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எத்தனை கிராம்னு எழுதி வைங்க. இந்தக் குரூப்புல போட வேணாம்.

பாண்டி, மதியம் 1:10
தெருவுல எட்டுக் கேமராவையும் பாத்துட்டேன். ரெண்டு ஓடவே இல்ல. அஞ்சாம் நம்பர் கேமரால மணி 40 நிமிஷம் பின்னால ஓடுது. ஏழாம் நம்பர்ல தேதியே போன வருஷம். இதைக் குடுத்தா போலீஸ் என்ன பண்ணுவாங்க? எல்லாத்தையும் போன் மணிக்குச் சரி பண்ணிட்டேன். ரெண்டு கேமரா வேப்ப மரத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, தெருப் பக்கம் திருப்பியாச்சு. இன்னொண்ணு, பெரும்பாலான பெட்டில ரெண்டு வாரத்துல பழசு அழிஞ்சிருது. ஏதாவது நடந்தா அன்னைக்கே எடுத்து வச்சிரணும்.

கண்ணன் செகரெட்டரி, மதியம் 1:32
அருமைடா. முக்குல இருக்குற கம்பத்துல மூணு வாரமா லைட் எரியல. கம்பம் நம்பரோட மாநகராட்சில புகார் குடுத்திருக்கேன். சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா அந்த வீட்டு மாடிலருந்து ஒரு ஃபோகஸ் லைட் கட்டிருவோம்.

பிரபு மாடி வீடு, மாலை 6:45
அவரைப் பாத்துட்டு வந்தோம். போன் கண்ணாடி மாத்தக் காசு குடுத்தேன். வேண்டாம்னாரு, மேஸ்திரி சொல்லித்தான் வாங்கிக்கிட்டாரு. திட்டவே இல்ல. தலையும் நிமிரல. இந்தப் பக்கம் இனி ரூம் வேணாம், வேற எங்கயாவது பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு.

செல்வி, மாலை 6:50
நான் கதவைச் சாத்தாம என்ன வேணும்னு கையக் காட்டியாவது கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சனிக்கிழமை

லட்சுமி அக்கா ரிட்டயர்டு போலீஸ், காலை 10:15
ரெண்டாவது தெருவுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, நகல் வாங்கியாச்சு. அப்படியே பூட்டுற வீட்டு லிஸ்ட்டை பீட் காவலர்கிட்ட எழுதிக் குடுத்தேன். ரோந்து வரும்போது கையெழுத்துப் போடுற பட்டா புத்தகம் நம்ம தெருவுல இல்லவே இல்ல, அதான் வண்டி முக்கோட திரும்புது. தெருக் கடைசி வீட்டு கேட்டுல ஒண்ணு வைக்கச் சம்மதிச்சிருக்காங்க.

போறவங்களுக்கு: முன்கதவுல வெளியே தெரியிற மாதிரி பெரிய பூட்டு தொங்க வேணாம். பின்கதவு தாழ்ப்பாளைப் பாருங்க, வர்றவன் அந்தப் பக்கமாத்தான் வரான். கடப்பாரை, ஏணி எதையும் கொல்லைல போட்டுட்டுப் போகாதீங்க. பாலையும் பேப்பரையும் நிறுத்துங்க. வாசல் லைட்டைப் பகல்லயும் எரியவிட்டுட்டுப் போறது, வீட்டுல ஆள் இல்லைன்னு எழுதி ஒட்டுன மாதிரி.

செல்வி, காலை 10:22
நான் இந்தத் தடவை போகல, மாமியாருக்கு முடியல. அதனால ஒண்ணு சொல்றேன். பூட்டுன வீடு எதுன்னு காலைல வாசலைப் பாத்தாலே தெரிஞ்சிரும், கோலம் இருக்காது. சாவி வேணாம், ஒண்ணும் வேணாம். போற வீட்டு வாசலை எல்லாம் நான் தெளிச்சுப் போட்டுருவேன்.

ஞாயிற்றுக்கிழமை

கண்ணன் செகரெட்டரி, இரவு 8:40
ஊருக்கு வந்து சேந்துட்டோம். கோயில்ல நல்ல கூட்டம். முக்குல லைட் வந்துருச்சா?

பாண்டி, இரவு 8:43
வரல. ஃபோகஸ் கட்டியாச்சு, பளிச்சுனு இருக்கு.

ஜெசி டீச்சர், இரவு 2:05
எங்கள் முறை முடிந்தது. அமைதியாக இருக்கிறது. ரஹீம் பாயிடம் விசில் கொடுத்துவிட்டேன்.

ரஹீம் பாய், இரவு 2:50
பின்னால நம்பர் பிளேட் இல்லாத பைக், ரெண்டு பேர், ரெண்டு தடவை மெதுவா வந்து திரும்புனாங்க. கிட்டப் போகல. கூர்க்கா அண்ணன் அந்த முனைல, நான் இந்த முனைல விசிலடிச்சோம். இருக்குற வீடெல்லாம் லைட்டைப் போட்டாங்க. வண்டி வேகமா மெயின் ரோட்டுக்குப் போயிருச்சு. 112-க்கு வண்டி கலர், போன திசை ரெண்டும் சொல்லிட்டேன்.

ரஹீம் பாய், இரவு 3:08
ரோந்து வந்துட்டாங்க. பட்டா புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டாவது தெருப் பக்கம் போறாங்க. பாண்டி, உன் கேமராவுல 2:40-லருந்து எடுத்து வை.

பாண்டி, இரவு 3:11
எடுத்துட்டேன் பாய். மணி சரியா இருக்கு.

திங்கட்கிழமை

சரவணன் 11-ஆம் நம்பர், காலை 6:20
இப்பத்தான் மெசேஜைப் பாத்தேன், உடம்பெல்லாம் பதறிருச்சு. எங்க வீடு எப்படி இருக்கு மதினி?

செல்வி, காலை 6:24
[படம்]
பூட்டு அப்படியே இருக்கு தம்பி. உங்க வாசலுக்கு ஏழு புள்ளிக் கோலம். அடுத்து 14-ஆம் நம்பர்.