குறிப்புச்சட்டம் தந்தால் பிள்ளைக்குக் கட்டுரை வருமா?

குழித்துறைக்காரன்:
பத்தாம் வகுப்பு தமிழ்க் கட்டுரை நோட்டு எதைப் புரட்டினாலும் ஒரே முகம். பெட்டிக்குள் குறிப்புச்சட்டம், முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை, தலைப்புகளுக்கெல்லாம் அடிக்கோடு. ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்றால் உட்தலைப்புகள் ‘நீரின் தேவை’, ‘நீர் மாசு’, ‘மரம் வளர்ப்போம்’, ‘மாணவர் கடமை’. ஒரு சோதனை செய்யுங்கள். நடுப்பத்திகளைக் கத்தரித்து, வரிசையைக் குலைத்து ஒட்டிப் படித்துப் பாருங்கள். எந்த வித்தியாசமும் தெரியாது. அப்படியானால் அங்கே கட்டமைப்பு எங்கே இருக்கிறது? குறிப்புச்சட்டத்தை ஆசிரியர் எழுதிப்போடுவதை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி.

தோவாளை டீச்சர்:
கட்சி நல்லாத்தான் இருக்கு சாறே, கணக்கையும் பாருங்க. தேர்வுல 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிஷம். 8 மதிப்பெண் கட்டுரைக்கு 14 நிமிஷம். சட்டத்துக்கு 2, எழுத 10, பிழை பார்க்க 2. வாக்கியத்துக்கே தடுமாறுற பிள்ளைக்கு நாலு உட்தலைப்பு கையில இருந்தா ஒவ்வொண்ணுக்கும் கீழே மூணு வரியாவது வரும். இல்லேன்னா பக்கத்தை வெறுமையா விட்டுட்டு எழும்பிரும். குறிப்புகளை வினாத்தாளே தந்து, கட்டுரை எழுதித் தலைப்பு இடச் சொல்ற கேள்வியும் வருது. சட்டத்தைப் பழக்காம அதை எப்படி எழுதும்?

குழித்துறைக்காரன்:
டீச்சரே, சட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தானே கட்டிய சட்டமாக இருக்கட்டும். அதற்கு வழி இருக்கிறது, இரண்டு பாடவேளை ஆகும்.

முதலில் தலைப்பைக் கேள்வியாக்குங்கள். ‘நீர்நிலைகளைக் காப்போம்’ என்பது வெறும் முழக்கம். ‘நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்தும் கோடையில் ஏன் கிணறு வற்றுகிறது?’ என்று கேட்டால் யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். நாலு பேர் ஒரு குழு. ஆளுக்கு 8 துண்டுச்சீட்டு, சீட்டுக்கு ஒரே ஒரு செய்தி. மொத்தம் 32. பல சீட்டுகள் ஒரே செய்தியைச் சொல்லும், அவற்றைக் கழித்துவிடலாம். மிச்சத்தைக் குவியல்களாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்தான் உட்தலைப்பு. பிறகுதான் உண்மையான வேலை: எந்தக் குவியல் முதலில், ஏன்? வயலில் மண்ணடித்து வாழையும் தென்னையும் வைத்தோம், பிறகு வீட்டுமனையாக்கினோம். பாசனம் தேவைப்படாததால் வாய்க்காலை யாரும் தூர்வாரவில்லை. குளத்துக்கு வரும் நீர் குறைந்தது, ஆகாயத்தாமரை மூடியது. அதனால் கிணறு ஊறவில்லை. இதில் ஒன்றை இடம் மாற்றினால் கட்டுரை உடையும். உடைய வேண்டும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். மேலே 6 வரி இடம் விட்டுவிட்டுப் பொருளுரையில் தொடங்கட்டும். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாத நேரத்தில் எழுதுவதால்தான் முன்னுரை வெற்று அலங்காரமாகிறது.

இரணியல் மணி:
6 வரி இடம் விடுவதெல்லாம் வகுப்போடு சரி. தேர்வில் மணியடித்ததும் முன்னுரை இல்லாத தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவான். தேர்வுக்கு முன்னுரை 3 வரி, முதலிலேயே: கேள்வி, அது ஏன் இப்போது முக்கியம், கட்டுரை போகும் திசை. போதும்.

சட்டம் யார் போடுவது என்பதைவிட அதில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் கோளாறு. உட்தலைப்பு வெறும் பெயர்ச்சொல்லாக நின்றால் கீழே எதையும் கொட்டலாம். ‘நீரின் தேவை’ என்பதற்குக் கீழே குளிப்பது, குடிப்பது, துவைப்பது எல்லாம் வரும். சட்டத்தில் வாக்கியமாக எழுதினால், ‘குளம் நிறைந்தால் கிணறு ஊறும்’ என்றால், அதை நிறுவியே ஆக வேண்டும். வினாத்தாள் தரும் குறிப்புக்கும் இதுவே வழி: தந்த சொல்லுக்கு எதிரே பென்சிலில் ஒரு வாக்கியம். 2 நிமிடம்தான்.

தோவாளை டீச்சர்:
இது வேலைக்கு ஆகும். பத்திக்குள்ளயும் இதே மாதிரி ஒரு வரிசை இருக்கு: முதல் வரி சொல்ல வந்தது, அடுத்து காரணம், மூணாவது நம்ம ஊர் உதாரணம், நாலாவது அடுத்த பத்திக்குக் கொண்டுபோற வரி. உதாரணத்துக்கு அலைய வேண்டாம். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்திருக்கு. பக்கத்துல இருக்கிற பிள்ளைகளே அதை எழுதுறதில்ல, ‘இயற்கை அன்னை’ன்னு ஆரம்பிச்சுரும்.

நாலாவது வரியிலதான் பலரும் சறுக்குறாங்க. காரணமே இல்லாம ‘எனவே’ வரும். அதை அடிச்சுட்டுப் படிக்கச் சொல்லுவேன். பொருள் குறையலேன்னா அந்த ‘எனவே’ பொய்.

குழித்துறைக்காரன்:
மேற்கோளையும் அப்படியே சோதியுங்கள். தண்ணீர் என்று தலைப்பு வந்தாலே ‘நீரின்றி அமையாது உலகு’ என்று தொடங்குகிறார்கள். 20-ஆம் குறள் ‘நீர்இன்று அமையாது உலகெனின்’ என்று தொடங்குகிறது. ‘வான்இன்று அமையாது ஒழுக்கு’ என்று முடிகிறது. வான்சிறப்பு அதிகாரம். நீர் இல்லாமல் உலகம் இல்லை என்பது அங்கே எடுத்துக்கொண்ட செய்தி. சொல்ல வந்தது மழையைப் பற்றி. மழை பெய்தும் குளம் வற்றுகிறது என்று எழுதுகிற கட்டுரையில் அதை அலங்காரமாக மாட்டாமல் எதிர்க்கேள்வியாக வைக்கலாம்: வான் தந்துவிட்டது, பிறகு ஏன்?

முடிவுரையும் இப்படித்தான். முன்னுரையையே வேறு சொல்லில் எழுதி ‘காப்போம்! வாழ்வோம்!’ என்று ஆச்சரியக்குறி போட்டு நிறுத்துகிறார்கள். யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்று 3 வரி எழுதட்டும். தென்மேற்குப் பருவத்துக்கு முன்னால், மே மாதத்துக்குள் வாய்க்காலைத் தூர்வாருவது என்றால் அது முடிவுரை.

இரணியல் மணி:
ஒன்பதாம் வகுப்பில் துண்டுச்சீட்டு, பத்தில் அரையாண்டு வரை வாக்கியச் சட்டம், அதற்குப் பிறகு கடிகாரம் வைத்து 14 நிமிடம். சரிதானே?

தோவாளை டீச்சர்:
அரையாண்டுக்கு அப்புறமும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு உட்தலைப்பை நான் கரும்பலகையில எழுதிப்போடத்தான் செய்வேன். அதுல மாற்றமில்ல.

குழித்துறைக்காரன்:
எழுதிப்போடுங்கள், வரிசையை மட்டும் குலைத்துப் போடுங்கள். அதை அடுக்குகிற வேலையாவது பிள்ளைக்கு மிஞ்சட்டும்.