தனியா விட்டா நாய் வீட்டையே கிழிச்சுப் போடுது, யாராவது சீக்கிரம் சொல்லுங்க

மாலைவெயில்:
வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா வீடு போர்க்களமா கிடக்கு. நேத்து சோபா, இன்னிக்கு ரெண்டு ஜோடி செருப்பு. பொம்மை நிறைய வாங்கிப் போட்டிருக்கேன், சீண்டக்கூட மாட்டேங்குது. மூளைக்கு வேலை கொடுக்கணும்ங்கறாங்க, என்ன வேலை கொடுக்கறது? திட்டியும் பார்த்தாச்சு. நாளைக்குக் காலையில மறுபடி கிளம்பணும்.

தூறல்:
வயசு என்ன? எத்தனை மணி நேரம் தனியா இருக்கு? நாலு மாசத்துலேருந்து ஆறு, ஏழு மாசம் வரைக்கும் பால்பல் விழுந்து வேற பல் முளைக்கிற சமயம். அந்த வயசுன்னா வாயில பட்டதெல்லாம் போகும்.

நாலுகால்:
வயசெல்லாம் அப்புறம். மோப்பத்துக்கு வேலை இல்லாம இருக்கு, அவ்வளவுதான். காலையில நடக்கக் கூட்டிட்டுப் போறப்ப அவசரப்படுத்தாதீங்க, ஒரு செடிகிட்ட ரெண்டு நிமிஷம் நின்னா நிக்கட்டும். 2019-ல வந்த ஓர் ஆய்வுல சில நாய்களுக்கு ரெண்டு வாரம் மோப்ப விளையாட்டு கொடுத்தாங்க, மத்ததுக்கு ஒட்டி நடக்கிற பயிற்சி. தீனி இருக்கா இல்லையான்னு புரியாத கிண்ணத்தை வெச்சப்ப, மோப்பம் பிடிச்சுப் பழகினதுங்க முன்னைவிட வேகமா அதுகிட்டப் போச்சு, அதாவது நல்லதை எதிர்பார்க்கிற மனநிலையில இருந்துச்சு. நம்ம வீட்ல பழைய துண்டுல தீனியைத் தூவி, சுருட்டி, தளர்வா ஒரு முடிச்சுப் போட்டு வைப்பேன். முன்னங்காலால ஓரத்தை அமுக்கிட்டு, புஸ்புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டே மூக்காலயே முடிச்சை நெம்பும். கடைசி உருண்டை கிடைச்சதும் அந்தத் துண்டு மேலயே படுத்துத் தூங்கிடும். துணியை விழுங்குற நாய்க்கு மட்டும் இது வேண்டாம்.

மணிச்சத்தம்:
எல்லாப் பொம்மையும் எப்பவும் தரையில கிடந்தா அதுக்கு அதெல்லாம் நாற்காலி, மேசை மாதிரிதான். மூணை மட்டும் வெளியே வைங்க, சில நாளுக்கு ஒருக்கா மாத்துங்க. காங் மாதிரி உள்ளே குடைவான ரப்பர் பொம்மையில, தீனியை ஊறவெச்சுத் திணிச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் கொடுங்க. நக்கி முடிக்க நேரம் பிடிக்கும். அந்தத் தீனியை அன்னன்னிக்குச் சாப்பாட்டு அளவுலேருந்தே எடுங்க. கடலை வெண்ணெய் தடவுறதா இருந்தா டப்பாவுல சைலிட்டால்ங்கற, சர்க்கரைக்குப் பதிலா சேர்க்கிற இனிப்பு இருக்கான்னு பார்த்துட்டுத் தடவுங்க. நாய்க்கு அது விஷம்.

பழையகை:
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதறது? எதைக் கடிக்குது, கிளம்பின எத்தனாவது நிமிஷத்துல கடிக்குதுன்னு கேக்காமலே ஆளுக்கொரு வைத்தியம் சொல்றீங்க. கிளம்பின அரை மணிக்குள்ள கதவையும் நிலையையும் பிறாண்டுது, எச்சில் ஒழுகுது, ஊளையிடுது, பிடிச்ச தீனியைக்கூடத் தொடலன்னா அது பிரிவுப் பதற்றம், அதாவது தனியா விட்டுட்டுப் போறதால வர்ற பயம். அதுக்குத் துண்டும் பொம்மையும் போதாது. கால்நடை மருத்துவர்கிட்ட காட்டணும், நொடிக்கணக்குல ஆரம்பிச்சுத் தனியா இருக்கப் பழக்கணும். நல்லாத் தூங்கி எழுந்து, சும்மா இருக்க முடியாம கடிக்குதுன்னா கதை வேற. பழைய ஃபோன் ஒண்ணை வெச்சு முதல்ல வீடியோ எடுங்க. அதுவரைக்கும் யார் சொல்றதும் ஊகம்தான், நான் சொல்றதும் சேர்த்து.

ஊர்க்குருவி:
செஞ்சது தப்புன்னு அதுக்கு நல்லாவே தெரியும். உள்ளே நுழைஞ்சதும் காதை மடக்கி, வாலைச் சுருட்டிட்டு மூலைக்குப் போகும் பாருங்க. அந்த இடத்துக்கே இழுத்துட்டுப் போய்க் காட்டி அதட்டினாத்தான் புத்தி வரும்.

தூறல்:
தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. நாய்களோட நடத்தையை ஆராயற அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல 14 நாய்களை வெச்சு இதைத்தான் பார்த்தாங்க. தப்பு செஞ்சுதா இல்லையாங்கறதை வெச்சு அந்த முகம் மாறல. திட்டு வாங்கினப்பதான் வந்துச்சு, தப்பே செய்யாத நாய்க்கும் வந்துச்சு. எப்பவோ கிழிச்ச சோபாவையும் இப்ப விழற திட்டையும் அது எப்படி முடிச்சுப் போடும்?

ஊர்க்குருவி:
பதினாலு நாயை வெச்சு ஊர் நாய்க்கெல்லாம் தீர்ப்பா? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எங்க நாய் கட்டிலுக்கடியில போயிடும்.

பழையகை:
முன்னாடி வாங்கின திட்டு நினைவிருக்கும். தரையில பஞ்சு கிடந்து நீங்களும் உள்ளே வந்தா என்ன நடக்கும்னு கத்துக்கிட்டிருக்கு. நீங்க வர்ற நேரத்துக்கே பயப்படற நாய்க்கு, நீங்க இல்லாத நேரமும் நிம்மதியா கழியாது. கேட்டவரைக் காணோமே?

மாலைவெயில்:
மன்னிக்கணும், வயசு ஒன்றரை, எட்டு மணி நேரம் தனியா இருக்கும். ரெண்டு நாள் வீடியோ எடுத்தேன். கிளம்பினதும் ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் நிக்குது, அப்புறம் படுத்து மூணு மணி நேரம் தூக்கம். வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து குரைக்குது, வீட்டை ஒரு சுத்துச் சுத்திட்டு சோபா ஓரத்தைக் கடிக்க ஆரம்பிக்குது. கதவைத் தொடல. துண்டை ஆறே நிமிஷத்துல முடிச்சிடுச்சு. திட்டறதை விட்டுட்டேன்.

பழையகை:
அப்போ பதற்றம் மாதிரி தெரியல. எட்டு மணி நேரம் ஒரேடியா ரொம்ப நீளம். நடுவுல ஒருத்தர் வந்து வெளியே கூட்டிட்டுப் போக முடியுமா?

மணிச்சத்தம்:
ஜன்னலுக்குத் திரை போடுங்க. தூங்கி எழுந்திருக்கிற நேரத்துக்குத்தான் அதுக்கு வேலை வேணும், நேரம் வெச்சுத் திறக்கிற தீனிப் பெட்டி இருந்தா அப்போ திறக்கிற மாதிரி வைங்க. ஆறு நிமிஷத்துல முடிக்குதுன்னா அடுத்த தடவை துண்டை அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிக் கொடுங்க.

மாலைவெயில்:
பக்கத்து வீட்டு அக்கா மதியம் வர்றேன்னாங்க. பெட்டி இன்னிக்கு வெச்சேன். அட்டை கிழிஞ்சு கூடம் பூரா கிடக்கு, சோபா அப்படியே இருக்கு.